வலி எடுத்ததும் கிளம்புவதா, பொறுத்திருப்பதா?

கேள்வி: எனக்கு வயது 25. தலைப்பிரசவம், 33 வாரம் முடிந்திருக்கிறது. சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. வளைகாப்பு முடிந்து, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். இப்போதே அவ்வப்போது வயிறு இறுகிக் கெட்டியாகி, பிறகு தளர்கிறது. சூட்டு வலி என்று பாட்டி சீரகக் கஷாயம் தருகிறார். நிஜ வலியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது கிளம்புவது? முதல் ஸ்கேனில் பிரசவத் தேதி மார்ச் 18 என்றார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் மார்ச் 14. போன வாரம் எடுத்ததில் மார்ச் 29. எதை நம்புவது? ஹீமோகுளோபின் 9.2தான். ஆனால் இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், ஆபரேஷனில் முடியும் என்று பயமுறுத்துகிறார்கள். கழுத்தில் கொடி சுற்றியிருப்பதாக ஸ்கேனில் எழுதியிருக்கிறது. எப்படியும் ஆபரேஷன்தான் என்றால் நல்ல நாள் பார்த்துச் செய்துகொள்ளலாமே என்கிறார் மாமியார். என் கணவர் சனி, ஞாயிறுதான் வர முடியும். அவர் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம் என்ற நிலையில், எப்போது கிளம்புவது என்பதுதான் உங்கள் கேள்விகளிலேயே தலையானது. வலியை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. வலியே இல்லாமல் உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள் உண்டு. வலி இருந்தும் வீட்டிலேயே குளித்து, சாப்பிட்டு, நிதானமாக இருக்க வேண்டிய நேரங்களும் உண்டு.

முதலில் தேதி. உங்களுக்கு மார்ச் 18தான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்பது கணக்கு. அதைச் சரிபார்ப்பது முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன். அந்த வயதில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், நீளத்தை அளந்து ஒரு வாரத்துக்குள்ளான துல்லியத்தில் வயதைச் சொல்லிவிடலாம். எட்டாம் மாதத்தில் அப்படி இல்லை. ஒரு குழந்தை உருட்டாக இருக்கும், ஒரு குழந்தை ஒல்லியாக இருக்கும். தலை, வயிறு, தொடை எலும்பு அளவை வைத்துக் கருவி போடும் தேதி இரண்டு மூன்று வாரம்கூட முன்னே பின்னே போகும். போன வாரத்து ஸ்கேனில் மார்ச் 29 என்று வந்தால் பிரசவம் தள்ளிப்போகிறது என்று பொருள் இல்லை. அந்த அளவுகளை மார்ச் 18 கணக்கோடு ஒப்பிட்டு, குழந்தையின் எடை வயதுக்கு ஏற்ப இருக்கிறதா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். வளர்ச்சி குறைவாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் இதுதான். தேதியை மாற்றி எழுதிவிட்டால் அது மறைந்துபோகும்.

குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று இருந்தாலே அதிகம். உங்கள் கணக்குப்படி பிப்ரவரி 25 அன்று 37 வாரம் முடிகிறது. அதன் பிறகு எந்த நாள் பிறந்தாலும் அது மாதம் நிறைந்த குழந்தை. மார்ச் 25 தாண்டியும் வலி வராவிட்டால், அதாவது 41 வாரம் முடிந்துவிட்டால், வீட்டில் காத்திருக்க வேண்டாம். மருந்து கொடுத்து வலி வரவைப்பதைப் பற்றி டாக்டர் முடிவெடுக்க வேண்டும்.

சூட்டு வலி, நிஜ வலி

இப்போது உங்களுக்கு வருவது பெரும்பாலும் கர்ப்பப்பை அவ்வப்போது இறுகிப் பழகுவதுதான். அதற்கு ஒழுங்கு இருக்காது. ஒருமுறை 20 நிமிடத்தில் வரும், அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து வரும், பிறகு காணாமல் போகும். அடிவயிற்றில் மட்டும் இறுக்கம் தெரியும். சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் அடங்கிவிடும். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலும் மூத்திரப்பை நிரம்பியிருந்தாலும் இந்த இறுக்கம் கூடும். பாட்டி தரும் சீரகக் கஷாயத்தால் கெடுதல் இல்லை, குடியுங்கள். ஆனால் கஷாயம் குடித்து வலி நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் பிரசவ வலி என்று அதையே பரிசோதனையாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருப்பது தவறு. முக்கியமாக இன்றைய தேதிக்கு அது ஆபத்து.

காரணம் இதுதான். 37 வாரம் முடிவதற்குள் ஒரு மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வயிறு இறுகினாலோ, கூடவே இடுப்பு வலி, அடிவயிறு கீழே இழுப்பது, நீர் அல்லது ரத்தம் கலந்த வெள்ளைப்படுதல் இருந்தாலோ அது குறைப்பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். உடனே கிளம்ப வேண்டும். 34 வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அவை வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் தேவை. வீட்டில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் அதிலிருந்து கழிகிறது. ஆகவே, வலியை நிமிடக் கணக்கில் எண்ணிக் காத்திருக்கும் முறையை நான் அடுத்துச் சொல்கிறேன். அது பிப்ரவரி 25க்குப் பிறகுதான் உங்களுக்குப் பொருந்தும்.

நிஜப் பிரசவ வலி பெரும்பாலும் நடு முதுகுக்குக் கீழே, இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும். சிலருக்கு அடிவயிற்றிலேயே மாதவிலக்கு வலி போலத் தொடங்கும். எங்கே தொடங்கினாலும் மூன்று விஷயம் மாறாது: இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொரு வலியும் நீண்டுகொண்டே போகும், வேகம் கூடிக்கொண்டே போகும். எழுந்து நடந்தாலும் படுத்தாலும் நிற்காது. எண்ணும்போது பலரும் ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம் வரை எண்ண வேண்டும். தொப்புளுக்கு மேலே விரல் நுனியை வைத்துக்கொள்ளுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அழுத்தினால் மூக்கு நுனி போலக் குழிந்தால் இது மெல்லிய வலி. மோவாய் போல இருந்தால் நடுத்தரம். நெற்றி போல விரல் இறங்கவே மறுத்தால் நல்ல வலி. அம்மாவும் இப்படித் தொட்டுப் பார்த்து ஒரு தாளில் நேரத்தை எழுதிவரலாம். ஆஸ்பத்திரியில் அந்தத் தாள் உதவும்.

நகரத்தில், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கும் தலைப்பிரசவக்காரருக்கு, 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் வாருங்கள் என்போம். உங்களுக்கு அது பொருந்தாது. 10 நிமிடத்துக்கு ஒரு வலி, 40 வினாடி நீடிப்பு, ஒரு மணி நேரம் விடாமல் என்றால் கிளம்பிவிடுங்கள். தலைப்பிரசவத்தில் அதற்கு மேலும் பல மணி நேரம் இருக்கும், வழியில் பிறந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். போன பிறகு 'இன்னும் வாய் திறக்கவில்லை' என்று சொன்னாலும் அவமானம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்வதற்குத்தானே அங்கே ஆள் இருக்கிறார்கள்.

வலி சீக்கிரம் வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்க வைப்பார்கள். குடிக்காதீர்கள். பேதியாகி, வாந்தி எடுத்து, நீர்ச்சத்து வற்றிய உடம்போடு பிரசவ அறைக்குள் போக நேரிடும்.

வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டியவை

பனிக்குடம் உடைந்தால். சிலருக்குக் குபுக்கென்று கொட்டும். சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாதது போலச் சொட்டிக்கொண்டே இருக்கும். சந்தேகம் இருந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த பேட் ஒன்றை வைத்து அரை மணி நேரம் படுத்திருந்து எழுந்திருங்கள். எழும்போது மீண்டும் நனைந்தால், மூத்திர வாடையும் இல்லாவிட்டால், அது பனிக்குட நீர். உடைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறம் பாருங்கள்: தெளிந்த நீராகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பதறாமல் கிளம்பலாம், பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நேரம் ஆக ஆகக் கிருமி தொற்றும் என்பதால், வலி வரட்டும் என்று வீட்டில் இருக்க வேண்டாம். நீரோடு கயிறு போல எதுவும் வெளியே தெரிந்தால் அது தொப்புள் கொடி. அதைத் தொடாமல், முழங்காலை ஊன்றி, தலையைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்திய நிலையில் இருந்துகொண்டு 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். அபூர்வமாகத்தான் இப்படி நடக்கும், ஆனால் அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

குழந்தையின் அசைவு குறைந்தால். இதை மிக அழுத்திச் சொல்கிறேன். மாதம் நெருங்கினால் உள்ளே இடம் பற்றாது, அசைவு குறையத்தான் செய்யும் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மை அல்ல. உதைப்பது புரள்வதாக மாறலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. உள்ளே குழந்தை ஒரே மூச்சில் தூங்குவது வழக்கமாக 20 முதல் 40 நிமிடம், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. தினமும் ஒரே நேரத்தில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்று வைத்துக்கொள்ளுங்கள், டிவியையும் போனையும் அணைத்துவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத்திலேயே வந்துவிடும். வராவிட்டாலோ, எண்ணிக்கை சரியாக இருந்தும் வழக்கமான துடிப்பு இல்லை என்று உங்கள் மனதுக்குப் பட்டாலோ, இரவு 11 மணி ஆனாலும் கிளம்புங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இரவுகளில்தான் பல குழந்தைகளை இழக்கிறோம்.

ரத்தம். பிரசவத்துக்குச் சில நாள் முன்னாலோ அன்றைக்கோ இளஞ்சிவப்புக் கோடு ஓடிய கெட்டிச் சளி போல ஒன்று வெளியேறும். கர்ப்பவாயை அடைத்திருந்த சளி அது. 37 வாரத்துக்குப் பிறகு என்றால் அதற்காக மட்டும் ஓட வேண்டியதில்லை. மாதவிலக்கு போலச் சிவப்பு ரத்தம் போனால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 108. நஞ்சுக்கொடி கீழே படிந்திருந்தாலோ முன்கூட்டியே பிரிந்தாலோ இப்படி ஆகும். முன்னது வலியில்லாமல் கொட்டும். பின்னதில் வயிறு தளராமல் கெட்டியாகவே இருந்து வலிக்கும்.

கடைசியாக, தலைவலி. மாத்திரைக்கும் தூக்கத்துக்கும் அடங்காத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கை விரல்களும் வீங்குவது. கால் வீக்கம் பலருக்கு இருக்கும், மோதிரம் திடீரென்று இறுகுவது அப்படியல்ல. ரத்த அழுத்தம் 140/90 தொட்டாலே அது கூடுதல். கவனிக்காமல் விட்டால் ஜன்னி வரும். வாரம் ஒருமுறை உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள், கிராம சுகாதார செவிலியரே பார்ப்பார்.

9.2 ஹீமோகுளோபின்

கழுத்தில் சுற்றிய கொடியைவிட எனக்குக் கவலை தருவது இந்த எண்தான். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. சுகப்பிரசவத்தில் 500 மில்லி வரையிலும், சிசேரியனில் 1 லிட்டர் வரையிலும் ரத்தம் போவதை நல்ல ரத்தமுள்ள உடம்பு தாங்கிக்கொள்ளும். 9.2 இருப்பவருக்கு, மற்றவர் தாங்குகிற அதே போக்கு மயக்கத்தில் கொண்டுபோய் விடும். இரும்பு மாத்திரையால் குழந்தை பெருப்பதில்லை, கறுப்பதும் இல்லை. தாய்க்கு ரத்தம் குறைந்தால் குழந்தையின் எடை குறையும், மாதம் நிறையும் முன்னே பிறக்கும் வாய்ப்பும் கூடும். குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பது கட்டுப்படாத சர்க்கரையால். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை உங்களுக்கு ஆறாம் மாதவாக்கில் எடுத்தார்களா, அளவு 140க்குக் கீழே இருந்ததா என்று அட்டையில் பாருங்கள்.

அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. ரத்தசோகை இல்லாதவருக்கு நாளொன்றுக்கு ஒன்று. உங்கள் அளவுக்கு வழக்கமாக இரண்டு தருவார்கள், டாக்டரைக் கேட்டு அப்படி எடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். பலர் செய்யும் பிழை, இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்வது. கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது விடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், பயப்படாதீர்கள். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள்.

ஒழுங்காக எடுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1 கிராம் ஏறும். உங்களிடம் இருப்பது ஆறேழு வாரம். அதனால் இந்த வாரமே போய், மாத்திரை போதுமா, இல்லை இரும்பை நரம்பு வழியாக ஏற்ற வேண்டுமா என்று கேளுங்கள். இந்த நிலையில் ஊசி கேட்பது மிகையான கேள்வி அல்ல. இதே காரணத்தால்தான் பிரசவத்தை 24 மணி நேரமும் ரத்த வங்கியும் ஆபரேஷன் வசதியும் இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சீமாங் பிரிவில், அதாவது அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவில், இரண்டும் உண்டு. வலி வந்த பிறகு முதன்முறையாக அங்கே போய் நிற்காதீர்கள். 36 வாரத்துக்குள் ஒருமுறை போய் எல்லா ரிப்போர்ட்டையும் காட்டி, பதிந்து வாருங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

கொடி சுற்றலும் நல்ல நாளும்

பிறக்கும் குழந்தைகளில் நான்கைந்தில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். உள்ளே குழந்தை கழுத்து வழியாக மூச்சு விடுவதில்லை, கொடி வழியாகத்தான் பிராணவாயு வருகிறது. அந்தக் கொடிக்குள் ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கெட்டியான கூழ் ஒன்று நசுங்காமல் காக்கிறது. தலை வெளியே வந்ததும் சுற்றை விரலால் எடுத்து விடுவார்கள். ஸ்கேனில் இப்படி எழுதியிருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சுக்கும் காது கொடுக்க வேண்டாம். அந்த ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: தலை கீழே இருக்கிறதா, நஞ்சு கர்ப்பவாயை விட்டு விலகி இருக்கிறதா, பனிக்குட நீர் போதுமா. இன்னும் தலை திரும்பவில்லை என்றாலும் 36 வாரம் வரை நேரம் இருக்கிறது, பெரும்பாலும் தானே திரும்பும்.

மாமியாரிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள்: தேவையே இல்லாத ஆபரேஷனுக்கு நல்ல நாள் என்று ஒன்று இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். அதில் உயிர் காத்தவை நிறைய. தேவை இல்லாதவையும் உண்டு. திட்டமிட்ட சிசேரியன் என்றாலும் 39 வாரம் முடியும் முன் செய்தால் குழந்தை மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் கணக்கில் அது மார்ச் 11. அதற்கு முன்னால் எவ்வளவு நல்ல முகூர்த்தம் இருந்தாலும் குழந்தைக்கு அது நல்ல நேரம் அல்ல. தையல் போட்ட கர்ப்பப்பையில் அடுத்த முறை நஞ்சு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

அதே சமயம், பிரசவ அறையில் குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, சிசேரியன் வேண்டும் என்று சொன்னால் அங்கே பேரம் பேசக் கூடாது. வயது வந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதமே சட்டப்படி போதும் என்றாலும் நடைமுறையில் உறவினர் கையெழுத்தும் கேட்பார்கள். யார் போடுவது என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள். ஊரிலிருந்து மாமா வரட்டும் என்று காத்திருப்பதற்குள் காரியம் கெட்டுவிடும்.

உள்ளே நடப்பது

கர்ப்பவாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். முதல் 5 சென்டிமீட்டர் மெதுவாகத்தான் போகும், ஒரு நாள் முழுக்கக்கூட ஆகலாம். அதன் பிறகு வேகம் பிடிக்கும். தலைப்பிரசவத்தில் அந்தக் கட்டம் பொதுவாக 12 மணி நேரத்துக்குள் முடியும். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே கைவைத்துப் பார்ப்பார்கள், குழந்தையின் இதயத் துடிப்பை அடிக்கடி கேட்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை சரியான அளவு. அதுவரை மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டாம். நடங்கள், சாய்ந்து உட்காருங்கள், படுத்தால் இடது பக்கம். இளநீர், கஞ்சி போன்றவற்றை டாக்டர் அனுமதித்தால் குடியுங்கள்.

வாய் முழுதும் திறக்கும் முன்னால் முக்காதீர்கள். பலர் செய்யும் தவறு இது: கர்ப்பவாய் வீங்கிவிடும், வேண்டிய நேரத்தில் முக்கத் தெம்பும் இருக்காது. முழுதாகத் திறந்த பிறகு மலம் வருவது போன்ற உந்துதல் தானாக வரும். வலி வரும்போது மட்டும் முக்கி, இடையில் உடம்பைத் தளர்த்துங்கள். தலைப்பிரசவத்தில் இதற்கு 3 மணி நேரம் வரைகூட ஆகலாம். தலை வெளியே தெரியும் நொடியில் முக்குவதை நிறுத்தச் சொல்வார்கள். அப்போது வாயால் ஊதி ஊதி மூச்சு விடுங்கள், தலை மெல்ல வந்தால் கிழிசல் குறையும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. ரத்தப்போக்கைத் தடுப்பது அதுதான். நஞ்சு வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதன் பிறகு நர்ஸ் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்ப்பது, கர்ப்பப்பை சுருங்கியதா என்று தெரிந்துகொள்ள. வலித்தாலும் ஒத்துழையுங்கள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். அழுது உங்களையும் பயமுறுத்தாத, முதுகைத் தேய்த்துவிடத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அம்மாதான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பிள்ளை பிறந்ததும் அழுகிற குழந்தையைத் துடைத்து நேராக உங்கள் மார்பில் போடுவார்கள். கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டினால் கூடுதல் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும், சிசேரியன் என்றாலும். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலை வீணாக்கக் கூடாது. முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டியே போதும், அதனால் பால் ஊறவில்லை என்று யாரும் பதற வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால் எதுவும் நாக்கில் தடவ விடாதீர்கள். ஒரு வயது வரை தேன் ஆபத்து. முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். கொடியில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம், உலர்ந்து தானே விழும். வைட்டமின் கே ஊசி, பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி, இந்த நான்கும் போட்டார்களா என்று கேட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு

அவர் அடுத்த சனிக்கிழமை வரும்போது செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. 108 இலவசம், ஆனாலும் இரவில் வரக்கூடிய கார்க்காரர் இருவரின் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டட்டும். உங்கள் ரத்த வகையைச் சொல்லி, கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு மூன்று பேரை ஏற்பாடு செய்யட்டும். ஒரு பையில் தாய்சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஆதார், பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த எண்). முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, பெரிய பேட் இரண்டு பாக்கெட், துவைத்து வெயிலில் காய வைத்த பழைய பருத்தித் துணி ஐந்தாறு, குழந்தைக்குத் தொப்பி. புதுத் துணி என்றால் ஒருமுறை துவைத்துவிடுங்கள். பிக்மி பதிவு சென்னையில் செய்தது என்றால் இங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. உங்கள் கம்பெனியில் 26 வாரச் சம்பள விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்பதையும் அவர் பார்க்கட்டும்; அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்.

அவருக்கு இருக்கும் விடுப்பைப் பெயர் சூட்டு விழாவுக்குச் செலவழிக்காமல் பிரசவம் முடிந்த முதல் பத்து நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் தேவைப்படுவது அப்போதுதான். அந்த நாட்களில் அவர் கண்ணில் வைத்திருக்க வேண்டியவை: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகள் விழுந்தால், 100.4 டிகிரி ஜுரம், நாற்றமுள்ள உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, தலைவலியோடு கண் மங்குவது. ஆறு வாரம் வரை இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்திலேயே உடம்பு மஞ்சளாவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு வேகமாக வாங்குவது. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று பத்தியம் வைத்தால் அவர் குறுக்கே நின்று, தாகத்துக்குத் தண்ணீரும், முட்டை, மீன், கீரை, பருப்பும் உங்களுக்குக் கிடைக்கச் செய்யட்டும். இரும்பு மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்திவிடாதீர்கள், இன்னும் 180 நாள் எடுக்க வேண்டும். காரணமில்லாத அழுகை முதல் சில நாட்களில் பலருக்கு வந்து போகும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்மை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமை என்று இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போகட்டும். அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.